வயசான பூனை இருக்கும் வீட்டுக்கு நாய்க்குட்டி வரும்போது

நாய்க்குட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே பூனைக்கு ஒரு அறையை ஒதுக்கிவிடுங்கள். குட்டி வந்த பிறகு ஒதுக்கினால், பூனையைப் பொறுத்தவரை அது விரட்டி அடைத்த கணக்குதான். சாப்பாடு, தண்ணீர், மணல் தொட்டி, நகம் கீறும் பலகை, நுழைந்து ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி எல்லாம் அந்த அறையிலேயே இருக்கட்டும். மணல் தொட்டியும் சாப்பாடும் எதிரெதிர் மூலையில் இருக்க வேண்டும்.

பத்து வயது தாண்டிய பூனைகளில் மூட்டுத் தேய்மானம் மிகச் சாதாரணம். வலியை வெளியே காட்டாததால் நாம் கவனிப்பதில்லை. பூனைக்கு உயரம்தான் பாதுகாப்பு, ஆனால் வயசான பூனையால் ஒரே தாவலில் அலமாரி மேல் ஏற முடியாது. முக்காலி, பெட்டி, மேஜை என்று 20, 25 செ.மீ. இடைவெளியில் படி அமைத்துக் கொடுங்கள். மணல் தொட்டியின் வாசல் விளிம்பும் 8 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

முதல் சில நாட்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டியதில்லை, வாசனை பழகினால் போதும். பூனையின் கன்னத்தில் ஒரு துணியைத் தேய்த்துக் குட்டியின் படுக்கையில் வையுங்கள். குட்டியைத் துடைத்த துணியைப் பூனையின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். துணியைப் பார்த்தே சீறினால் இன்னும் தள்ளி வையுங்கள். சாப்பிட்டுக்கொண்டே அதை மோந்து பார்க்கும் நாள் வரட்டும். குட்டி நாளின் பெரும்பகுதி தூங்கும். அது கூண்டில் தூங்கும் நேரத்தில் பூனையை வீடு முழுக்கச் சுற்ற விடுங்கள்.

அடுத்தது, பேபி கேட் (வாசலில் பொருத்தும் குட்டையான கம்பித் தடுப்பு) வழியாகப் பார்ப்பது. அதன்பிறகுதான் ஒரே அறையில் சந்திப்பு. குட்டியை விளையாட வைத்து, சிறுநீர் கழிக்கவிட்டு, களைத்த பிறகு ஒன்றரை மீட்டர் லீஷில் அழைத்து வாருங்கள். 3 முதல் 5 நிமிடம் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குட்டி உங்கள் பக்கம் திரும்புகிறதா? அந்தத் தூரம் சரி. திரும்பவில்லை என்றால் பூனைக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள், பின்னால் போங்கள். திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துண்டு தீனி. பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு குட்டியிடம் காட்டவே கூடாது. தப்பிக்க வழியில்லாத பூனை உங்கள் கையைக் கிழிக்கும், அல்லது குட்டியின் கண்ணைக் கீறும்.

இரண்டின் உடல்மொழியும் நேரெதிர் என்பதுதான் பெரிய சிக்கல். குட்டி முன்னங்கால்களைத் தரையோடு பரப்பி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டும். அது ‘விளையாட வா’ என்கிறது. பூனைக்கோ அது பாயப் போகும் மிருகம். பூனையின் வால் நுனி தரையில் பட் பட்டென்று அடித்தால், காது பக்கவாட்டில் மடிந்தால், கண்மணி விரிந்தால் சந்திப்பை அங்கேயே முடியுங்கள். சீறியதற்காகப் பூனையை அதட்டாதீர்கள். சீறுவது எச்சரிக்கை, அதை அடக்கினால் அடுத்த முறை நேராக அடிதான் விழும்.

துரத்த மட்டும் ஒருமுறைகூட விடாதீர்கள். ஓடுகிற பூனையைத் துரத்துவதே குட்டிக்குப் பரிசு, வேறு தீனி அதற்கு ஈடாகாது. அதனால் முதல் சில வாரங்கள், நீங்கள் கண்காணிக்கும் நேரம் முழுக்க, வீட்டுக்குள்ளும் லீஷ் குட்டியின் கழுத்துப்பட்டையில் தொங்கட்டும்.

பூனை மனஅழுத்தத்தில் சாப்பாட்டை நிறுத்தினால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகக் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை மணல் தொட்டியில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது அவசர நிலை, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாயின் கழுத்தில் விடும் தெள்ளு, உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அது பூனைக்குக் கொடிய விஷம். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே பூனைக்கு வலிப்பு வரலாம். மருந்தகத்தில் வாங்கும்போதே வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லி, பெர்மெத்ரின் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

மணல் தொட்டியில் கிடப்பதைக் குட்டி ஆசையோடு தின்னும், குடற்புழு அப்படியும் தொற்றும். பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம் என்பதால் அதைத் தின்றாலும் குட்டிக்கு வயிற்றுப்போக்குதான். மணல் தொட்டியும் பூனை உணவும் பேபி கேட்டுக்குப் பின்னால் இருக்கட்டும்.

எப்போது தனியாக விடலாம்? குட்டி படுத்திருக்கும் அறையைப் பூனை நிதானமாகக் கடந்து போக வேண்டும், குட்டிக்கு முதுகைக் காட்டித் தூங்க வேண்டும். சில பூனைகளுக்கு மூன்று வாரத்தில் இது வரும், சிலவற்றுக்கு ஆறு மாதம் ஆகும். வந்த பிறகும், குட்டி ஆறேழு மாதத்தில் உடம்பு பெருத்து முரட்டுத்தனம் காட்டும் கட்டத்தில் மறுபடி துரத்தத் தொடங்கலாம். அன்றைக்கே லீஷை எடுத்து மாட்டிவிடுங்கள்.