நீங்களும்தான் வாசிக்கிறீர்கள்

தொடாமலே வாசிக்கிற வாத்தியத்தை ஸ்டூடியோவில் எங்கே வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேஜை மேல், என் மைக்குக்கு நேர் எதிரே வைக்கச் சொன்னேன். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

தெரமின் என்று பெயர். 1920 வாக்கில் லியோன் தெரமின் என்ற ரஷ்யர் கண்டுபிடித்தது. ஒரு பெட்டி, அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி, பக்கவாட்டில் வளையமாக இன்னொரு கம்பி. நிமிர்ந்த கம்பியை நோக்கி ஒரு கை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். இன்னொரு கையை வளையத்தின் பக்கம் இறக்கினால் சத்தம் அடங்கும். கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தில் ஒரு உடம்பு வந்து குறுக்கிடுவதுதான் சங்கதி. அது வாசிப்பவரின் உடம்பா, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடம்பா என்றெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

ஆறு வருஷமாக உள்ளூர் சமுதாய வானொலியில் வியாழக்கிழமை ராத்திரி ஒரு மணி நேரம் பேட்டி எடுக்கிறேன். சம்பளம் கிடையாது. மேடையில் வழக்கமாகக் கேட்கிறதை வாசிப்பவர்களை நான் கூப்பிடுவதில்லை. வயலினில் வில்லைக் கம்பிக்குப் பதில் மரத்தில் உரசுபவர், பழுதான டேப் ரெக்கார்டர் நான்கை ஒன்றாக ஓடவிடுபவர், இந்த மாதிரி ஆட்கள்தான் வருவார்கள். ‘பரிசோதனை இசை’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, எலிக்கு ஊசி போடுகிற மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு வந்த அம்மா பேச்சுக்கு அடியில் ஒரு ஸ்வரத்தைத் தாழ்வாக நிறுத்தி வைத்திருந்தார். நான் கேள்வி கேட்க மைக்கை நோக்கிக் குனிந்தேன். ஸ்வரம் மெல்ல மேலே ஏறியது. ‘ஆகா, என் கேள்விக்கு வாத்தியத்தாலேயே பதில் சொல்கிறார்’ என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன், இறங்கியது. அடுத்த கேள்விக்கும் இதே கதை. மூன்றாவது முறை அவர் கையை அசைக்காமலே சிரித்தார். “சார், கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்காருங்களேன். நீங்களும்தான் வாசிக்கிறீர்கள்.”

நேரலை. வெட்ட முடியாது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ள, மைக் எட்டவில்லை. ஒட்டகம் மாதிரிக் கழுத்தை மட்டும் நீட்டினேன், அதற்கும் ஒரு கால் ஸ்வரம் ஏறியது. அப்புறம் அவரே, “சரி, வேண்டுமென்றே வாருங்கள், நான் சமாளிக்கிறேன்” என்றார். நான் குனியக் குனிய அவர் கையை விலக்கிச் சுருதியைச் சரிக்கட்டினார். பேசிக்கொண்டே, கண்ணை என் நெற்றியில் வைத்துக்கொண்டு. மிச்சமிருந்த நாற்பது நிமிஷமும் அப்படியே போயிற்று. நான் எழுதி வைத்திருந்த 14 கேள்விகளில் மிச்சம் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. இதுவரை எடுத்ததில் உருப்படியான பேட்டி அதுதான்.

அதற்கு முன்னால் நான் எல்லோரிடமும் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: “இதை இசை என்று சொல்லலாமா?” நேயர் சார்பில் கேட்கிறேன் என்று ஒரு சாக்கு வேறு. இந்தக் கேள்விக்கு அவர்கள் ஒவ்வொருவரிடமும் மனப்பாடப் பதில் இருக்கிறது, பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். இப்போது “இந்தச் சத்தம் முதல் தடவை எப்படி வந்தது?” என்று மட்டும் கேட்கிறேன். உடனே கை வாத்தியத்துக்குப் போய்விடும். அநேகமாக ஏதோ உடைந்திருக்கும், இல்லையென்றால் இடம் போதாமல் இருந்திருக்கும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் கதையே அதுதானே. 1940இல் சியாட்டிலில் ஒரு நடனத்துக்கு இசை கேட்டார்கள். தாளவாத்தியக் குழுவை வைக்க அரங்கில் இடமில்லை, ஒரு பியானோதான் இருந்தது. அதன் கம்பிகளுக்கு நடுவே திருகாணியும் பட்டையும் செருகி, பியானோவையே ஒரு தாளவாத்தியக் குழுவாக்கிவிட்டார். ‘ஏன்’ என்று கேட்டிருந்தால் தத்துவம் வந்திருக்கும். ‘எப்படி’ என்றால் திருகாணி வரும்.

இன்னொன்று, மைக் வைத்து லெவல் பார்க்கிற நேரத்திலேயே பதிவை ஓடவிட்டுவிடுவேன், விருந்தாளியிடம் சொல்லிவிட்டுத்தான். நல்ல விஷயமெல்லாம் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால்தான் வெளியே வருகிறது. “அதை மறுபடி சொல்லுங்களேன்” என்றால் பாதிதான் வரும்.

கூடுதலாக ஒரு மைக் வேண்டும் என்று நிலையப் பொறுப்பாளரிடம் போகும்போதெல்லாம் சரித்திரம் சொல்வேன். 1944இல் கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் என்ற எகிப்திய இசையமைப்பாளர் வானொலி நிலையத்தில் இரவல் வாங்கிய கம்பி ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத்தான் குரல்களைப் பதிந்து உருமாற்றினார். பாரிஸில் ரயில் சத்தங்களைப் பதிந்து அடுக்கி ஒரு படைப்பாக்கிய பியர் ஷேஃபர் வானொலிப் பொறியாளர், 1948 அக்டோபரில் அந்தப் படைப்பு ஒலிபரப்பாகவும் செய்தது. இந்த இசைக்கு நம் வீடுதான் தாய்வீடு என்று முடிப்பேன். மைக் இன்னும் வரவில்லை.

வயலின் தம்பி வந்த ராத்திரியைச் சொல்லாமல் விட முடியாது. வில்லை மூச்சுக்காற்று அளவுக்கு இழுப்பான். நடுவில் நாற்பது விநாடி ஒன்றுமே வாசிக்காமல் நிற்பான், பிறகு தொடர்வான். ஸ்டூடியோவில் நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். நாற்காலி முனகும் என்று நான் எச்சில்கூட விழுங்கவில்லை. பிரமாதமான நாற்பது விநாடி. முடிந்து அவன் மறுபடி வில்லை வைத்தான். தொலைபேசி விளக்கு மின்னியது. எடுத்தால் ஒரு நேயர்: “என்னங்க, திடீரென்று குத்துப்பாட்டு போட்டுட்டீங்க?”

ஒலிபரப்பு அறையில் ஒரு இயந்திரம் இருக்கிறது. சத்தம் நின்று 25 விநாடி ஆனால் நிலையம் செத்துவிட்டது என்று அதுவாக முடிவு செய்து, கைவசம் உள்ள பாட்டை ஓடவிட்டுவிடும். என் ஹெட்ஃபோனில் வருவது கன்சோலின் சத்தம், காற்றில் போவது இல்லை. அதனால் எனக்குத் தெரியவே இல்லை. 2004இல் பிபிசி ரேடியோ 3, ஜான் கேஜின் 4 நிமிடம் 33 விநாடி மௌனப் படைப்பை ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒலிபரப்பியபோது, இப்படிப்பட்ட அவசர ஏற்பாட்டை முன்கூட்டியே அணைத்து வைத்தார்களாம். இதை நான் படித்தது அடுத்த வாரம்.

“அண்ணா, அந்தப் பாட்டு என்ன பாட்டு?” என்று மட்டும் கேட்டான் தம்பி.

அதிலிருந்து விருந்தாளிகளிடம் தொலைபேசியில் நான் கேட்கும் முதல் கேள்வி: “உங்கள் வாசிப்பில் மௌனம் எவ்வளவு?” ஆழமான கேள்வி என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு தாளக்காரர் பத்து நிமிஷம் பதில் சொன்னார். ஓசைக்கு முந்தைய மௌனம், ஓசைக்குள் இருக்கும் மௌனம் என்று அழகாகவே பேசினார். முடிக்கட்டும் என்று காத்திருந்து, “சரிங்க, விநாடிக் கணக்கில் சொல்லுங்களேன்” என்றேன்.

“ஐம்பது” என்றார். இயந்திரத்தை அணைக்கச் சொல்லிக் கன்சோலில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.