தண்ணீர் போகாத மோட்டார்

போன வருஷம் ஜூன் மாதம். பெங்களூரில் அலுவலகம் விட்டு வரும்போது மகாதேவபுரா தாண்டியதும், என் மின்சாரக் கார் நாற்பதைத் தொட்டவுடன் காதுக்குள் கொசு புகுந்ததுபோல ஒரு ரீங்காரம். ஏசியை அணைத்தேன், பாட்டை நிறுத்தினேன், கண்ணாடியை இறக்கினேன். போகவில்லை. வேகம் கூடினால் சத்தமும் ஏறியது, குறைந்தால் இறங்கியது. பெட்ரோல் காராக இருந்தால் என்ஜின் இரைச்சலில் இது காதிலேயே விழுந்திருக்காது.

கார் 2022 ஜனவரியில் வாங்கியது. சத்தம் வந்தபோது 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. அந்தத் தைரியத்தில் சர்வீஸ் சென்டரில் விட்டேன். சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "நார்மல்தான் சார், எல்லா வண்டியிலயும் இருக்கும்" என்றார்கள். நாம் சொன்ன புகாரை எழுதித் தரும் ஜாப் கார்டைக் கேட்கத் தோன்றவில்லை. பின்னால் பட்ட பாட்டில் பாதி, அன்றைக்கு அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்காததால் வந்தது.

பீன்யாவில் என் சித்தப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓடும் மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு நோய் சொல்கிற ஆள். போனில் சத்தத்தை விவரித்தேன். "அறுபதுல போறப்ப நியூட்ரல் போட்டுப் பாரு. காலி ரோடா பாத்துப் போடு. சத்தம் நின்னா கரண்ட் பக்கம் கோளாறு. நிக்கலன்னா பேரிங், இல்லன்னா பல்சக்கரம்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஹொசகோட்டே ரோட்டில் போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. "மோட்டார் தண்டைத் தாங்குற பேரிங்தான்டா" என்று வண்டியைப் பார்க்காமலே முடித்துவிட்டார்.

இரண்டாம் முறை போனபோது விவரமாகிவிட்டேன். "நாற்பதுக்கு மேல் ரீங்காரம், நியூட்ரலிலும் நிற்கவில்லை" என்று ஜாப் கார்டில் எழுத வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். மறுபடியும் நார்மல் என்றே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் தாள் கையில் இருந்தது.

ஜூலை மூன்றாம் வாரம், டின் ஃபேக்டரி அருகே, ராத்திரி ஏழரை மணி. அந்த இடத்தில் அந்த நேரத்தில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதை பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது, ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி மாட்டு வண்டி வேகத்தில் நகர்ந்தது, அப்புறம் அதுவும் இல்லை. இழுத்துப்போக வந்தவர் பின்பக்கத்தைத் தூக்கி, முன் சக்கரம் உருள இழுத்துவிடலாம் என்றார். என் காரில் மோட்டார் முன் சக்கரத்தோடுதான் இணைந்திருக்கிறது. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுற்றும், சுற்றினால் ஜெனரேட்டர்போல மின்சாரம் உற்பத்தி செய்யும். ஏற்கெனவே கோளாறான மோட்டார் வேறு. நாலு சக்கரமும் மேலே ஏறுகிற வண்டிதான் வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கிறதாம். வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாதாம். புது மோட்டாருக்கு 2,76,000 ரூபாய் ஆகும், வேண்டுமானால் இன்சூரன்ஸில் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 2024 அக்டோபர் மழையில் நான் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டதாகப் பதிவு இருக்கிறதாம், "தண்ணீர் தேங்கிய சாலை" என்று.

கூப்பிட்டது உண்மைதான். பணத்தூர் ரயில்வே பாலத்துக்கு இந்தப் பக்கம் டயர் பஞ்சர் ஆனது. தண்ணீர் கணுக்கால்வரைகூட இல்லை. நான் செருப்போடு நின்றுகொண்டுதான் பேசினேன். போனை எடுத்த பெண் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார், ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்றேன். அந்த ஒரு வாக்கியம் ஒன்பது மாதம் கழித்து என் தலையில் விழுந்தது.

நேரில் போய்க் கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே டீ குடிக்கும்போதுதான் வழி கிடைத்தது. அங்கே சர்வீஸ் அட்வைஸராக இருந்த பையன் கோலார் தங்கவயல்காரன். தினம் காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து வருகிறவன். என் கத்தலைத் தமிழில் கேட்டிருக்கிறான். "அண்ணா, வாயால சொன்னத எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. எழுதணும்னா மெக்கர் போட்டு ரீடிங் காட்டணும். இன்னும் யாரும் மெக்கர் போடல" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மெக்கர் என்பது காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே மின்சாரம் கசியாமல் தடுக்கும் இன்சுலேஷன் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் மீட்டர். உள்ளே ஈரம் இருந்தால் ரீடிங் படுத்துவிடும்.

அன்று ராத்திரியே மின்னஞ்சல் எழுதினேன். கோபம் ஒரு வரிகூட இல்லாமல் எழுதுவதற்குத்தான் நேரம் பிடித்தது. மறுப்பை எழுத்தில் தாருங்கள், வாரண்டிப் புத்தகத்தின் எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிடுங்கள், மெக்கர் ரீடிங் என்ன, என் முன்னால் மோட்டாரைத் திறந்து காட்டுங்கள், கழற்றிய பாகங்களை முடிவு தெரியும்வரை அப்புறப்படுத்தாதீர்கள் என்று கேட்டேன். இரண்டாவது ஜாப் கார்டை இணைத்தேன். விற்கும்போது கொடுத்த விளக்கப் புத்தகத்தில் மோட்டாருக்கு ஐபி67 என்று போட்டிருந்தார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது என்று அதற்கு அர்த்தம். கணுக்கால் தண்ணீரில் போய்விட்டது என்றால் சீல் சரியில்லை, அதுவும் உங்கள் பொறுப்புதானே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

மறுநாள் 1915-க்குப் பேசினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, என் கார் விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். மனுவைக்கூட எழுதி வைத்திருந்தேன். ஆறாம் நாள், கம்பெனியிலிருந்து தொழில்நுட்ப ஆள் வருகிறார், நீங்களும் வரலாம் என்று பதில் வந்தது.

சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடையைப் பூட்டிவிட்டு, நாகசந்திரா பக்கத்திலிருந்து மெட்ரோவில் வந்தார். எங்களைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். மோட்டாரை ஏற்கெனவே இறக்கி மேஜையில் வைத்திருந்தார்கள். மெக்கரை வைத்தார்கள். இன்சுலேஷனுக்கு வோல்ட்டுக்கு 500 ஓமாவது இருக்க வேண்டும் என்பது பாதுகாப்புக் கணக்கு. என் வண்டி 320 வோல்ட், அதற்கு 1,60,000 ஓம் போதும். மீட்டர் 550 மெகா ஓம், அதாவது 55 கோடி ஓம் காட்டியது. கம்பெனி ஆள் இரண்டாவது முறையும் வைத்துப் பார்த்தார். சித்தப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "எலும்பு மாதிரி காஞ்சு கெடக்குது, இதுல எங்கடா தண்ணி?" என்றார். கொஞ்சம் சத்தமாகவே.

அப்புறம் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே துரு இல்லை, காயில் கருகவில்லை. பேரிங்கில் கிரீஸ் மட்டும் கருப்பாக மாறியிருந்தது. பேரிங்கைப் பிரித்து வெளிவளையத்தைத் துடைத்து எங்களிடம் நீட்டினார்கள். குண்டு உருளும் பாதை பளபளவென்று இருக்க வேண்டும். அங்கே குறுக்கே வரிவரியாக, புதிதாகக் கொத்திய அம்மிபோல இருந்தது. நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. சித்தப்பாவுக்கு இது புதிதில்லை. பீன்யா தொழிற்சாலைகளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க டிரைவ் மாட்டிய மோட்டார்களில் இதையே எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். மின்சாரக் காரிலும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இன்வெர்ட்டர் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதில் கொஞ்சம் மின்னழுத்தம் மோட்டார் தண்டில் சேர்ந்து, மோட்டார் உடம்புக்கு இறங்க வழி தேடி, பேரிங்கின் கிரீஸ் படலத்தைத் துளைத்துக்கொண்டு பாயும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி. குழிகள் சேர்ந்து வரியாகி, வரி சத்தமாகி, கடைசியில் பேரிங் ஆட்டம் கண்டு, தண்டின் நிலையைப் பார்க்கும் சென்சார் தப்பாகக் காட்ட, கம்ப்யூட்டர் மோட்டாரை நிறுத்திவிட்டது. கம்பெனி ஆளும் இதைத்தான் சொன்னார், இங்கிலீஷில்.

ஒன்பது நாளில் வாரண்டி ஒப்புதல் வந்தது. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் பேரிங்குக்காக முழு மோட்டாரையும் மாற்றுகிறார்கள், உள்ளே பிரித்து வேலை செய்வது அவர்கள் வழக்கமில்லையாம். சித்தப்பாவுக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். மோட்டார் வர மேலும் 33 நாள் ஆனது. மாற்று வண்டி தரவில்லை, மெட்ரோவிலும் ஆட்டோவிலும் சமாளித்தேன். கூலன்ட்டுக்கு 1,840 ரூபாய் பில் போட்டார்கள். சண்டை போடத் தெம்பில்லை, கட்டிவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போது கேட் வரை வந்த தங்கவயல் தம்பி, "அண்ணா, ஆர்.சி.ல பழைய மோட்டார் நம்பர் இருக்கும்" என்று நினைவூட்டினான். மின்சாரக் காரின் ஆர்.சி.யில் என்ஜின் நம்பர் இருக்கும் இடத்தில் மோட்டார் நம்பர்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, என்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. சர்வீஸ் சென்டரில் பழைய நம்பரும் புது நம்பரும் போட்ட கடிதமும், பூஜ்ய ரூபாய் வாரண்டி பில்லும் கேட்டு வாங்கிக்கொண்டு கே.ஆர்.புரம் ஆர்.டி.ஓ.வுக்குப் போனேன். அந்த இரண்டு தாளும் இல்லாமல் போயிருந்தால் இன்னொரு நாள் லீவு போட்டிருப்பேன்.

இன்சூரன்ஸ் பாலிசியிலும் நம்பரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு விபத்து என்று வந்தால் நம்பர் ஒத்துப்போகவில்லை என்று கிளப்புவார்கள். அதற்கும் எழுதிப்போட்டேன். போன வாரம் திருத்திய பாலிசி வந்தது. கடைசி இலக்கம் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8. மறுபடி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.