வெள்ளைத் துப்பட்டியும் கறுப்பு அபாயாவும்

24 மார்ச் 2024, ஞாயிறு

பெருநாளுக்கு, உடையின் மேல் போடும் நீண்ட அங்கியான அபாயா எடுக்க உம்மாவோடு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் நிதா என்ற துணி வகையின் ஓரத்தைக் கைக்குள் இறுக்கிக் கசக்கி, சற்று நேரம் கழித்து விரித்துக் காட்டினார். ஒரு சுருக்கமும் இல்லை. எனக்குப் பிடித்தது, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கல் பதித்த, முன்பக்கம் திறந்த மாதிரி. "பிறர் கண்ணில் படக்கூடாதென்றுதானே இதைப் போடுகிறோம், அதில் கல்லை ஒட்டிக்கொண்டு போனால் எப்படி?" என்று உம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம்.

31 மார்ச் 2024, ஞாயிறு

உம்மம்மாவின் பெட்டியிலிருந்து அவருடைய துப்பட்டியை எடுத்துப் பார்த்தேன். பாச்சை உருண்டை வாசம். நீலம் போட்டு வெளுத்த வெள்ளைத் துணி, மடிப்புகளில் மட்டும் பழுத்திருக்கிறது. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே இருந்த முடுக்குகளின் வழியே, சேலைக்கு மேல் இதைப் போர்த்திக்கொண்டுதான் அவர் வாழ்நாள் முழுக்க நடந்திருக்கிறார். வளைகுடாவுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் முதன்முதலில் கறுப்பு அபாயா கொண்டுவந்தபோது, "இது என்ன துக்க வீட்டுத் துணி?" என்று தெருவில் கேலி செய்தார்களாம். இன்று அந்தக் கறுப்பையே நம் பாரம்பரியம் என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தால், ஓரம் முழுக்கக் கையால் தைத்த லேஸ்!

3 ஏப்ரல் 2024, புதன்

நோன்பில் குர்ஆனின் சூரத்துந் நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தைத் தமிழில் வாசித்தேன். தலைமறைப்புத் துணியைக் குறிக்கும் 'கிமார்' என்ற அரபுச் சொல்லுக்கு 'முன்றானை' என்று பெயர்த்திருந்தார்கள். சேலை கட்டிய உம்மம்மாவுக்காகவே எழுதியதுபோல் இருந்தது. நிறத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கர்நாடகக் கல்லூரிகளின் ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். பிரான்ஸ் 2023இல் அரசுப் பள்ளிகளில் அபாயாவையே தடுத்துவிட்டது. அங்கே அளவுக்கு மீறிய மதமாகத் தெரியும் அதே அங்கி, கல் ஒட்டியிருந்தால் எங்கள் தெருவில் போதாத மார்க்கமாகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் உடுத்துகிறவளைக் கேட்டார்களா என்பதே என் ஆற்றாமை.

10 ஏப்ரல் 2024, புதன்

நேற்று பிறை தெரியாததால் நாளைதான் பெருநாள். அந்தக் கல் வைத்த மாதிரி விற்றுப்போயிருந்தது. கல்லும் பூவும் இல்லாத பாசிப்பச்சை ஒன்றை எடுத்தேன். கறுப்பில்லையே என்று உம்மாவுக்குக் குறை. உம்மம்மா அங்கியின் கைப்பகுதியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓரத்திலே ஒரு லேஸாவது வைத்துத் தைத்திருக்கலாமே, மா" என்றார்.