நடுக்கோட்டுக்கு ஒரு டாலர் கீழே

2026 பிப்ரவரியில் அமெரிக்க பேஸ்பால் அணியான டெட்ராய்ட் டைகர்ஸின் பிட்சர் டாரிக் ஸ்கூபலுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் சம்பளம் என்று நடுவர் மன்றத் தீர்ப்பு வந்தது. அன்று எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கேட்டான்: "டீம் 1 கோடியே 90 லட்சம்தான் தருவேன்னுச்சாமே? நடுவுல ஏதாவது பார்த்துக் கொடுத்திருக்கலாமேடா, ஏன் கொடுக்கலை?"

நடுவில் கொடுக்கத்தான் முடியாது. இது மண்டையில் ஏற எனக்கு ஒரு செமஸ்டர் பிடித்தது.

சென்னையில் மூன்று வருடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் ஜூனியராக இருந்தேன். ஒரு மனிதனின் உழைப்புக்கு விலை போடுகிற வேலை அது. சம்பளம், வயது, அந்த வயதுக்கான பெருக்கல் எண், குடும்பத்தில் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று ஒரு கணக்கு. நாங்கள் 20 லட்சம் கேட்போம், இன்சூரன்ஸ் தரப்பு 5 லட்சம் என்று இழுக்கும், தீர்ப்பாயம் 12 லட்சம் என்று எழுதும். கூட்டிக் கேட்டால்தான் பாதியாவது கிடைக்கும் என்பது எங்கள் சீனியர் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம்.

இந்தப் பாடத்தோடுதான் 2023 ஆகஸ்டில் முதுநிலை சட்டம் படிக்க அமெரிக்கா போனேன். விளையாட்டுச் சட்டம் என்று ஒரு வகுப்பு இருந்தது. தேர்வு கிடையாது, செமஸ்டர் முடிவில் போலி நடுவர் மன்ற விசாரணை ஒன்றுதான் என்றார்கள். தேர்வு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தேன். பேஸ்பாலில் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பிட்சர் என்றால் ஃபுல்டாஸ் மட்டுமே போடுகிற பௌலர் என்பதுதான்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது மில்வாக்கி புரூவர்ஸ் அணித் தரப்பு. எதிர்த் தரப்பில் அதே அணியின் பிட்சர் கார்பின் பர்ன்ஸ். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் நிஜமாகவே நடந்து முடிந்திருந்த வழக்கு அது. பர்ன்ஸ் கேட்டது 1 கோடியே 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அணி தருவதாகச் சொன்னது 1 கோடியே 10 ஆயிரம். வித்தியாசம் 7 லட்சத்து 40 ஆயிரம். நம் கணக்கில் பெரும்பணம்தான். அங்கேயோ, அந்த வருடம் லீக்கில் புதிதாக நுழைகிற பையனின் குறைந்தபட்சச் சம்பளமே 7 லட்சத்து 20 ஆயிரம். ஒரு புதுப் பையனின் சம்பளத்துக்காகத் தங்கள் அணியின் முதல் பிட்சரைக் கூண்டில் ஏற்றினார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் 172 நாள் அணிப் பட்டியலில் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். முதல் மூன்று வருடம் அணி கொடுப்பதுதான் சம்பளம். ஆறு வருடம் முடிந்தால் வீரர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இடைப்பட்ட மூன்று வருடங்களுக்குத்தான் இந்த நடுவர் மன்றம். இரண்டு வருடம் தாண்டிய சிலர், சர்வீஸ் நாள் அதிகமிருந்தால், ஒரு வருடம் முன்னதாகவே உள்ளே வந்துவிடுவார்கள். 1974-இல் தொடங்கிய ஏற்பாடு இது. முதல் வழக்குப் போட்டவரும் ஒரு பிட்சர்தான், மின்னசோட்டா ட்வின்ஸின் டிக் உட்சன். அவர் கேட்டது 29,000 டாலர், அணி சொன்னது 23,000. அவர்தான் ஜெயித்தார்.

எங்கள் சீனியரின் பாடம் அடிவாங்கிய இடம் இனிமேல்தான். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தொகை எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று நடுவர்கள் அந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். பாதி, முக்கால் பேச்சே கிடையாது. அதனால் கூட்டிக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள், குறைத்துச் சொன்னால் அணி மாட்டிக்கொள்ளும். பயத்தில் இரண்டு பேரும் நடுவை நோக்கி நகர்வார்கள், பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே சமாதானமாகிவிடுவார்கள். 2010-இல் சான் பிரான்சிஸ்கோவின் டிம் லின்சிகம் 1 கோடியே 30 லட்சம் கேட்டார், அணி 80 லட்சம் என்றது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கியவர் அவர். கடைசி நேரத்தில் இரண்டு வருடத்துக்கு 2 கோடியே 30 லட்சம் என்று முடித்துக்கொண்டார்கள்.

முதல் சந்திப்பில் பேராசிரியர் கரும்பலகையில் ஒரே ஒரு எண்ணை எழுதினார்: 10,380,000. இரண்டு தொகைக்கும் சரிநடு. "பர்ன்ஸ் எவ்வளவு பெறுவார் என்பது உன் கேள்வியே இல்லை. இந்தக் கோட்டுக்கு ஒரு டாலர் கீழே என்று காட்டிவிடு, போதும்" என்றார். கேட்க எளிதாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் எண்களோடு குடித்தனம் நடத்தினேன். பிட்சருக்கு முக்கியமான கணக்கு ஈ.ஆர்.ஏ. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விடுகிறார் என்பது. ஃபீல்டர் தவறால் போன ரன் இதில் சேராது. பர்ன்ஸுக்கு 2021-இல் 2.43. அந்த வருடத் தொடக்கத்தில், பேட்டரை ஓசியில் முதல் தளத்துக்கு அனுப்புகிற 'வாக்' ஒன்றுகூடக் கொடுக்காமல், 58 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருக்கிறார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றியிருக்கிறார். அந்த ஆட்டங்களின் வீடியோவை நோட்ஸ் எடுக்கத்தான் உட்கார்ந்து பார்த்தேன், பேனா அப்படியே கையில் நின்றுவிட்டது. கட்டர் என்கிற பந்து, நம் லெக்-கட்டர் மாதிரிதான், ஆனால் பிட்ச் ஆகாமலே காற்றில் வெட்டிக்கொண்டு போகிறது. அந்த வருடம் சை யங் விருதும் அவருக்குத்தான். 2022-இல் 202 இன்னிங்ஸ், 243 ஸ்ட்ரைக்அவுட். மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கிலேயே அதுதான் அதிகம். இந்த ஆளைத்தான் நான் மட்டம் தட்ட வேண்டும்.

என் கையில் இருந்தவை இரண்டே துருப்புச் சீட்டு. ஒன்று, 2022-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.94-க்கு ஏறியிருந்தது. விருது வாங்கியது அதற்கு முந்தைய வருடம், தீர்மானிக்க வேண்டியதோ முக்கியமாகக் கடைசி சீசனை வைத்து. இரண்டாவது, பழைய சம்பளம். 2022-இல் அவர் வாங்கியது 65 லட்சம். அணி சொன்ன தொகையிலேயே 35 லட்சம் உயர்வு இருக்கிறது.

எதிர்த் தரப்பில் ஒஹையோக்காரப் பெண் ஒருத்தி. அப்பாவோடு ஸ்கோர் எழுதிக்கொண்டே வளர்ந்தவள். அவள் பிடித்துக்கொண்டது ஜேக்கப் டிகிராம் என்ற பிட்சரை. இந்த மன்றத்தில் உயிர்நாடியே ஒப்பீடுதான். ஐந்து வருட சர்வீஸுக்குக் கீழே இருந்தால் உங்கள் சர்வீஸ்காரர்களோடும், ஒரு படி மேலே இருப்பவர்களோடும்தான் முக்கியமாக ஒப்பிடுவார்கள். பர்ன்ஸுக்கு நான்கு வருடம். டிகிராமும் அதே நான்கு வருடத்தில், 2019-க்கு, 1 கோடியே 70 லட்சத்துக்கு முடித்தவர். நான் அதற்குத் தயாராகவே இருந்தேன்: டிகிராம் விருது வாங்கியது கடைசி சீசனில், ஈ.ஆர்.ஏ. 1.70. அப்படியொரு சீசனை இதோடு சேர்த்துப் பேசவே முடியாது.

நான் பயந்த அடி ட்ரெவர் பாவர் என்ற இன்னொரு பிட்சர் வழியாக வந்தது. முந்தைய சம்பளம் 65 லட்சத்து 25 ஆயிரம், கிட்டத்தட்ட பர்ன்ஸின் தொகையேதான். அவர் 2019-இல் இதே மாதிரி வழக்கில் ஜெயித்து 1 கோடியே 30 லட்சம் வாங்கியிருக்கிறார். ஸ்ட்ரைக்அவுட் 221, பர்ன்ஸைவிடக் குறைவு. நான் அவரை நான்கைந்து நாள் முன்பே பார்த்திருந்தேன், இவள் கண்ணில் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பட்டுவிட்டது. பாவரின் ஈ.ஆர்.ஏ. 2.21 என்பதைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகக் கரையேறினேன்.

ஒத்திகையில் மானம் போன கதையும் உண்டு. பர்ன்ஸைப் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு போயிருந்தேன். முதல் வரியிலேயே நிறுத்தினார்கள். பத்திரிகைக் கருத்து, அணியின் நிதிநிலை, முன்பு பேசிய பேரங்கள், மற்ற விளையாட்டுகளின் சம்பளம் எதுவும் இங்கே செல்லாது. ஐ.பி.எல். ஏலத் தொகையை ஒரு ஸ்லைடில் வைத்திருந்ததை யாரும் பார்ப்பதற்குள் கிழித்துப் போட்டேன்.

செல்லுகிற சங்கதி ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அணியின் சமீபத்திய நிலையையும், புள்ளிப்பட்டியலில் அதன் இடத்தையும், பார்வையாளர் கூட்டத்தையும் பேசலாம். 2022-இல் புரூவர்ஸ் 86 வெற்றி. பிலடெல்பியா 87. ஒரே ஒரு ஆட்டத்தில் பிளேஆஃப் போயிற்று. அணியின் வக்கீல் அதைத் தொடாமல் இருந்தால் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். தொட்டால் அந்தத் தோல்வியை ஓர் ஆளின் தலையில் கட்டுவதாக அர்த்தம். நிஜ விசாரணையிலும் இதைத்தான் செய்தார்கள் என்று பர்ன்ஸே பிறகு நிருபர்களிடம் சொன்னார், உறவு கெட்டுவிட்டது என்றும் சொன்னார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

நிஜத்தில் ஆளுக்கு ஒரு மணி நேரம், மறுப்புக்கு அரை மணி. எங்களுக்குப் பதினைந்து நிமிடமும் ஏழு நிமிடமும். நிஜத்தில் வீரர் அங்கேயே உட்கார்ந்திருப்பார் என்பதால், வகுப்புத் தோழன் ஒருவனைத் தொப்பி மாட்டி பர்ன்ஸாக உட்கார வைத்திருந்தார்கள். அவனுக்கு வசனம் எதுவும் இல்லை. தண்ணீர் பாட்டில் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். "சீசனின் பிற்பாதியில் அணிக்கு அவர் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில்" என்று நான் ஆரம்பித்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். என் நண்பன்தான், காலையில் ஒன்றாகக் காபி குடித்தவன். ஆனாலும் எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. காகிதத்தைப் பார்த்து வாசித்து முடித்தேன்.

மறுப்பில் ஒஹையோக்காரி ஒரே கேள்விதான் கேட்டாள்: "அதே பிற்பாதியில், ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிற தன் குளோசர் ஜாஷ் ஹேடரை சான் டியாகோவுக்கு அனுப்பியது யார், என் கட்சிக்காரரா?" பின்வரிசையில் சிரிப்பு. என் தரப்பில் உட்கார்ந்திருந்தவனே சிரித்தான்.

எங்கள் விசாரணை முடிந்து சில மாதங்களில், 2024 பிப்ரவரி 1 அன்று, புரூவர்ஸ் பர்ன்ஸை பால்டிமோருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த டிசம்பரில் அவர் அரிசோனாவோடு ஆறு வருடத்துக்கு 21 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். 2025 ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சை. பிட்சரின் கை எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே வருடத்துக்கான ஏழு லட்சத்துக்குக்கூட அவர் ஏன் சண்டை போட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்கூபல் விஷயத்திலும் இதுதான். முந்தைய வருடச் சம்பளம் 1 கோடியே 1 லட்சத்து 50 ஆயிரம், அடுத்தடுத்து இரண்டு சை யங், கையில் ஏற்கெனவே இரண்டு அறுவை சிகிச்சை. ஐந்து வருடம் தாண்டியதால் லீக்கில் யாரோடு வேண்டுமானாலும் தன்னை ஒப்பிட்டுக்கொள்ளலாம். நடுக்கோடு 2 கோடியே 55 லட்சம். அதற்கு ஒரு டாலர் மேலே என்று காட்டினாலே அவர் தரப்புக்குப் போதும். இதைக் குழுவில் எழுதினேன். "அப்ப டீம் 2 கோடியே 40 லட்சம் சொல்லியிருந்தா?" என்றான் நண்பன். கோடு 2 கோடியே 80 லட்சத்துக்கு ஏறியிருக்கும், ஸ்கூபலுக்கு வேலை கஷ்டமாகியிருக்கும். பிடித்துக்கொண்டான்.

எங்கள் தீர்ப்பு மறுநாள் மதியம் வந்தது. நிஜ மன்றத்திலும் 24 மணி நேரம்தான், காரணம் எதுவும் எழுத மாட்டார்கள். விசாரணைக்கு முன்பே இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், சம்பளக் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பேராசிரியர் அதையும் விடவில்லை. உறையைப் பிரித்தால் என் கையெழுத்து, தொப்பிக்காரன் கிறுக்கிய "சி. பர்ன்ஸ்", நடுவில் நீல மையில் 10,010,000. நான் ஜெயித்திருந்தேன். எந்த வாதம் எடுபட்டது, அந்தப் 'பிற்பாதி' வரி தேவைப்பட்டதா என்று பேராசிரியரிடம் இரண்டு முறை கேட்டேன். கட்டத்தில் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான் என்றார்.