அயடின் குளிசையும் லயத்து அறையும்

எங்கள் தைரொயிட் கிளினிக்கில் குளிசையாகக் கொடுக்கும் கதிரியக்க அயடின் என்று சொன்னாலே முகங்கள் மாறிவிடும். "அணு உலை வெடிச்சப்போ வந்த விஷம்தானே மிஸ் அது? மகன் போன்ல பார்த்துச் சொன்னான்" என்றார் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்ததால் கழலை, படபடப்பு, மெலிவு. கை நடுங்கியதில் கொழுந்து கிள்ளவே முடியாமல் போயிருந்தது. மகன் சொன்னது பொய்யில்லை. அப்படிக் கேட்பவர்களிடம் மழுப்பாமல் முழுக்கதையையும் சொல்லிவிடுவதுதான் என் வழக்கம்.

1986 ஏப்ரல் 26 இல் செர்னோபில் உலை வெடித்தபோது வெளியேறியவற்றில் இந்த அயடின்-131 உம் ஒன்று. காற்றோடு போய்ப் புல்லில் படிந்தது, மாடு மேய்ந்தது, பாலில் இறங்கியது, பிள்ளைகள் குடித்தார்கள். உடம்பில் அயடினை இழுத்துச் சேர்ப்பது கழுத்திலுள்ள இந்தத் தைரொயிட் சுரப்பிதான். பிள்ளைகளின் சுரப்பி சிறியது. அதே ஒரு கோப்பைப் பால் அதற்குப் பல மடங்கு சுமை. போதாக்குறைக்கு அந்தப் பக்கங்களில் பலருக்கு உணவில் அயடின் போதாது. பட்டினி கிடந்த சுரப்பி வந்ததையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டது. நாலைந்து வருடத்தில் பெலாருஸிலும் உக்ரைனிலும் சிறுவர்களிடையே தைரொயிட் புற்றுநோய் பெருகத் தொடங்கியது. பக்கத்துப் போலந்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண அயடினை முந்திக்கொண்டு கொடுத்தார்கள். வயிறு நிறைந்தவன் பந்தியில் உட்கார மாட்டான் அல்லவா.

"அப்ப எனக்கு ஏன் அதையே குடுக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. புற்றுநோய் முளைப்பது, சேதப்பட்டும் சாகாமல் தப்பிய கலங்களில். நாங்கள் கொடுப்பது கலங்களையே அழித்துவிடும் அளவு, அதுவும் வளர்ந்தவருக்கு. கூடக் கொடுத்தால் கூடக் கெடுதல் என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே சரிவராது. குளிசைக்கு முன் கொஞ்ச நாள் கருவாட்டையும் கடல்மீனையும் நிறுத்தச் சொல்வதும் சுரப்பியைப் பட்டினி போடத்தான்.

அக்கா தலையாட்டினார். குளிசை போட்டவர் உடம்பிலிருந்து கொஞ்ச நாள் கதிர் வீசும். எனக்கு எரிச்சல் மூட்டுவது அதற்காகக் கையில் கொடுக்கிற அறிவுறுத்தல் தாள். தனி அறையில் படுக்கவும், சிறுபிள்ளைகளை விட்டு விலகி இருக்கவும், கழிவறையை இருமுறை ஃப்ளஷ் செய்யவும். எழுதியவர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தை எட்டியும் பார்த்திருக்க மாட்டார். ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தொட்டில். கழிவறைக்கு வாளித் தண்ணீர்.

"வீட்டுக்காரர் இஸ்தோப்புல படுத்துக்குவார் மிஸ். சின்னவதான் என்னைய விட்டுத் தூங்க மாட்டா."

அயடின்-131 இன் வீரியம் 8 நாளைக்கொரு தடவை பாதியாகும். சிறுநீரிலும் நிறையவே போய்விடும். ஆகவே கடக்க வேண்டியது சில வாரங்கள்தான். டொக்டரிடம் பேசித் திகதியை மார்கழி விடுமுறைக்குத் தள்ளினோம். சின்னவள் பொகவந்தலாவையில் அம்மாயி வீட்டுக்குப் போனாள்.

அக்காவுக்கு இப்போது நடுக்கமில்லை. பலருக்கும் ஆவது போலச் சுரப்பி அடங்கிப்போய், அது சுரக்க வேண்டியதற்குப் பதிலாகத் தினமும் தைரொக்சின் குளிசை. விடியப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடும் அவசரத்தில் தேத்தண்ணிக்கு முன்னால் அதை வெறும் வயிற்றில் போடுவதுதான் பெரும்பாடு என்கிறார்.

டொக்டர் இப்போதெல்லாம் திகதி போடுமுன் என்னைத்தான் பார்ப்பார். வீட்டில் எத்தனை அறை, பக்கத்தில் எந்த வயதுப் பிள்ளைகள், அம்மாயி வீடு எங்கே என்று நான் விசாரிப்பேன். மார்கழித் திகதிகள்தான் முதலில் நிரம்பும்.