பக்க எண் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது

போன ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூர் மொட்டைமாடியில் நாங்கள் ஆறு பேரும் ஒரே ஒரு பத்தியை வைத்து நாற்பது நிமிடம் சண்டை போட்டோம். அந்தப் பெருமையைப் பீற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இதெல்லாம் ஒரு சாதனையா என்று கேட்பவர்கள் வாசிப்புக் கூட்டம் நடத்திப் பார்க்காதவர்கள்.

அதற்கு முந்தைய கூட்டம் படுதோல்வி. எடுத்துக்கொண்டது, சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் நடக்கும் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல். சென்னையில் உட்கார்ந்துகொண்டு அந்த நாவலைப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் பேச்சு 2019-க்குப் போய்விட்டது. லாரிக்குக் காத்திருந்தது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, யார் வீட்டு போர் முதலில் வற்றியது என்று ஆளுக்கொரு கதை. குடிநீர் வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற சார் செம்பரம்பாக்கத்தில் ஆரம்பித்து, பூண்டி வரை போய்த்தான் நிறுத்தினார். சுவையான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் நாவலின் அக்கா தங்கையான ஜமுனாவும் சாயாவும் கடைசி வரை மாடிப்படி ஏறவே இல்லை.

சரி, இனிமேல் புத்தகத்தில் இடத்தைக் காட்டாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று விதி போட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது. என்னுடையது திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் வாங்கிய பழைய பிரதி. எதிர்வீட்டு மாமியிடம் இருப்பது புதுப் பதிப்பு. கல்லூரிப் பெண் கிண்டிலில் படிக்கிறாள்; அதில் பக்கத்துக்குப் பதில் சதவீதம். "நாற்பத்து மூணாம் பக்கம்" என்று ஒருவர் சொன்னால் மற்ற ஐந்து பேரும் ஐந்து இடத்தில் நிற்போம்.

முதலில் கலர் கலராக ஒட்டும் சீட்டு வாங்கினேன். பழைய தாளிலிருந்து பிய்த்தபோது சீட்டோடு எழுத்தும் சேர்ந்து வந்தது. அப்புறம்தான் பத்திகளை எண்ணும் யோசனை. ஒவ்வொரு பத்தாவது பத்திக்கும் ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுவிட்டால் எந்தப் பதிப்பானாலும் கவலையில்லை அல்லவா? எச்.பி. பென்சில் பழுப்பேறிய தாளைக் கீறுகிறது, 4பி உள்ளங்கையில் அப்புகிறது. 2பி-தான் சரி. எழுதிவிட்டு உடனே பக்கத்தைப் புரட்டாமல் இருந்தால் போதும்.

எண்ணுவது அத்தனை சுலபமில்லை. ஒற்றை வரி உரையாடல் பத்தியில் சேருமா? நான் சேர்த்து எண்ணினேன், மாமி விட்டுவிட்டார். ஒப்பிட்டுப் பார்த்தால் எக்கச்சக்க வித்தியாசம். "என்னப்பா இது, ஒரு வார்த்தைக்கெல்லாமா நம்பர் போடுவாங்க?" என்று கோபித்துக்கொண்டார். கடைசியில், வரி உள்ளே தள்ளித் தொடங்கினால் அது பத்தி, ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் பத்தி என்று முடிவு. ஆளுக்கு ஒரு ரப்பர் தேய்ந்தது.

பலன் போன வாரம் கிடைத்தது. நாவலில் வரும் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்கிற இடத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். "அண்ணா, இவங்க ஆறுதலே சொல்லலை. வீட்டுக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொல்றாங்க" என்றாள் கல்லூரிப் பெண். எங்கள் காலத்து ஆறுதல் அப்படித்தான் இருக்கும் என்றார் மாமி. வாரியத்து சாரோ, ஆசிரியர் தன் பிரசங்கத்தை டீச்சரம்மா வாயில் வைத்துவிட்டார் என்று அடித்துச் சொன்னார். "எண் சொல்லுங்க சார்" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். பிரசங்கம் அகப்படவில்லை. கணவரும் மாமியாருமாக டீச்சரம்மா காலம் தள்ளுகிற வீட்டில் போய் நின்றார். "இவங்க வீட்லயே ஒண்ணும் மாறலையேப்பா. அப்ப இது உபதேசம் இல்ல" என்று தானாகவே கட்சி மாறினார். அன்று லாரிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

என் பழைய பிரதியில் அதே இடத்தில் யாரோ நீல மையில் 'ஏன்?' என்று எழுதியிருக்கிறார்கள். நாற்பது ரூபாய்க்கு ஒரு நாவலும் ஒரு சக வாசகரும். திருவல்லிக்கேணி என்றதும் அங்கே வாழ்ந்த எழுத்தாளர் சி.சு. செல்லப்பா ஞாபகம். விமர்சனத்துக்காகவே 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். எனக்கோ ஆறு பேரை ஒரே பத்தியில் நிறுத்தவே நாக்கு தள்ளுகிறது.

இதையெல்லாம் கட்டுரையாக்க இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியிலேயே "கதை என்னவென்றால்" என்று வந்துவிடுகிறது. கிழித்தாயிற்று. கடைசி முப்பது பக்கத்துக்கு எண் போடும் வேலை வேறு பாக்கி. அதற்குள் மாமி அடுத்தது தி. ஜானகிராமனின் 'மோகமுள்' என்கிறார். அறுநூறு பக்கத்துக்கு மேல். 2பி பென்சில் ஒரு டஜன் சொல்லி வைத்திருக்கிறேன்.