மாதவிடாய் வந்துவிட்டால் ஹஜ் என்னாகும்?

ஹஜ்ஜுக்குக் கிளம்பும் சகோதரிகள் பலர் மனசுக்குள்ளேயே வைத்துத் தவிக்கிற கேள்வி இது. வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். ஹஜ் வீணாகாது.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, மக்காவை நெருங்கும்போது ஸரிஃப் என்ற இடத்தில் நபியவர்களின் துணைவியார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கே இது நேர்ந்தது. அழுதுகொண்டிருந்தார்கள். உள்ளே வந்த நபி (ஸல்) அவர்கள், இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்று ஆறுதல் சொன்னார்கள். ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய்துகொள், தூய்மையாகும்வரை கஅபாவைத் தவாஃப் செய்வது (சுற்றி வருவது) மட்டும் வேண்டாம் என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஹதீஸ் இது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சட்டத்தையும் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்!

ஆக, அரஃபா, முஸ்தலிஃபா, மினா ஆகிய இடங்களில் தங்குவது, கல்லெறிதல், துஆ, ‘லப்பைக்’ என்று முழங்கும் தல்பியா எதற்கும் தடையில்லை. இஹ்ராமும் கட்டலாம், அதாவது நிய்யத் வைத்து ஹஜ்ஜுக்குள் நுழையலாம். மதீனாவை அடுத்த துல்ஹுலைஃபாவில் பிள்ளை பெற்ற அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களையே குளித்துவிட்டு இஹ்ராம் கட்டச் சொன்னார்கள் நபியவர்கள்.

தவாஃபை முடித்தபின் மாதவிடாய் வந்தால் ஸஃயீ (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடப்பது) செய்யலாம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஊர் திரும்பும் நேரத்தில் வந்தால் விடைபெறும் தவாஃபே மன்னிக்கப்படுகிறது.

அரஃபாவிலிருந்து திரும்பியபின் செய்யும் தவாஃபுல் இஃபாளா மட்டும் அப்படியில்லை. அது ஹஜ்ஜின் தூண், தூய்மையாகும்வரை காத்திருந்துதான் செய்ய வேண்டும். விமானத் தேதி இடிக்குமானால் கடைசி நாள்வரை விடாமல், உடன் வரும் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, உடலுக்குக் கேடில்லை என்று மருத்துவர் சொன்னால் மட்டும்.